களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அர்த்தம் மாறும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக எழுதப்பட்டது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி, வேலை, சம்பந்தம் என்று எல்லையிலுள்ள களியக்காவிளையைக் கடந்து, கேரளத்துப் பாறசாலை தாண்டிப் போய்வருகிறவர்களுக்கு. திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாற்றலாகி மார்த்தாண்டத்துக்கு வந்து, "இங்க பேசுறது தமிழா மலையாளமா?" என்று முழிக்கிறவர்களுக்கும் உதவும். மலையாளப் பாடமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மனுவும் பத்திரமும் எழுதிப் பிழைப்பவன், இரண்டு மொழிக் காகிதமும் கைக்கு வரும். அதனால் பத்திரச் சொற்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதலாகவே இடம் போயிருக்கிறது. மலையாளச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளம், பட்டி, பனி மாதிரிச் சொற்களுக்கு ஒரு பட்டியல் தரமுடியுமா?

தரலாம், ஆனால் இவற்றால் யாருக்கும் பெரிய சேதம் வந்து நான் பார்த்ததில்லை. வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர், ஊருக்குள் புகுந்தால்தான் வெள்ளப்பொக்கம். பனி காய்ச்சல். பட்டி நாய். தூக்கம் எடை. உத்தரம் விடை, நமக்கோ கூரையைத் தாங்குகிற மரம். பத்ரம் செய்தித்தாள். அவசரம் வாய்ப்பு. சம்சாரம் பேச்சு, ஆகவே "உங்களோடு சம்சாரிக்கணும்" என்று ஒருவர் வந்து நின்றால் பயப்பட வேண்டியதில்லை.

கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிச் சிரிக்க இவை போதும். நம் அர்த்தத்தைப் பொருத்தினால் வாக்கியமே உளறலாகிவிடும், உடனே "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிடுவோம். வினை வருவது நம் அர்த்தமும் அவர்கள் அர்த்தமும் ஒரே வாக்கியத்தில் ஒழுங்காகப் பொருந்திவிடுகிற சொற்களில். இரண்டு பேரும் புரிந்துவிட்டது என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். இனி வருவதில் பெரும்பாலும் அந்த வகைதான்.

திருவனந்தபுரத்தில் டாக்டரிடம் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் "வலி". நமக்கு அது நோவு. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது, அதிலிருந்து புகை பிடிப்பதும். "வலிக்குமோ?" என்று டாக்டர் கேட்டால் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்கிறார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போன நம் ஆள் "ஆமா சார், ராத்திரியானா ரொம்ப வலிக்கும்" என்பார். கேள்விக்கும் பதிலுக்கும் எங்கேயும் முட்டல் இல்லை. சீட்டில் மட்டும் வேறொன்று எழுதப்படும். "வலிவு" என்றால் மூச்சிரைப்பு, அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

நோவுக்கு அங்கே "வேதன". இதில்தான் நுணுக்கம் இருக்கிறது. நமக்கு வேதனை என்பது கனத்த சொல். மகன் கைவிட்டால் வேதனை, முட்டி பிடித்துக்கொண்டால் வலி. ஆகவே "முட்டினு வேதன உண்டோ?" என்று கேட்டதும் நம் ஊர்ப் பெரியவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "அவ்வளவுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடுவார். வேதனை என்ற அளவுக்கு இல்லை என்று அவர் நினைத்தது டாக்டருக்கு எப்படித் தெரியும்? நோவு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது "குறவுண்டோ?". மருந்து சாப்பிட்டுத் திரும்பப் போகும்போது கேட்கிற முதல் கேள்வி இது: நோய் குறைந்திருக்கிறதா? நம் காதில் "ஏதாவது குறை உண்டா?" என்று விழும். "குறையொண்ணும் இல்ல சார்" என்று மரியாதையாகச் சொல்லுவோம். அவருக்கு அது "கொஞ்சமும் குறையவில்லை". மருந்தின் அளவு கூடும்.

மற்றவை சுருக்கமாக: சும என்றால் இருமல். க்ஷீணம் என்றால் அசதி, அழிவெல்லாம் இல்லை. காலில் நீர் என்றால் வீக்கம். சுகமில்லை என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"சங்கடம்" இரண்டு மொழியிலும் ஒன்றுதானே?

அகராதியைப் புரட்டினால் ஏறத்தாழ ஒன்று போலத் தெரியும். புழக்கத்தில் இல்லை.

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது நமக்குச் சங்கடம். சம்பந்தி வீட்டில் இலை போட்டபின் மோர் இல்லை என்று தெரிந்தால் சங்கடம். இருக்கவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் நெளிகிற நிலை அது. மலையாளத்தில் சங்கடம் நேரே துக்கம், கண்ணில் நீர் வருகிற வகை. சாவுக்கு வந்த மலையாளி நண்பர், "விவரம் கேட்டப்போ வலிய சங்கடமாயி" என்று சொல்லும்போது அவர் உள்ளபடியே உடைந்திருக்கிறார். நம்மவருக்கோ, கேள்விப்பட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நெளிந்தார் போல என்று தோன்றும். சாவு வீட்டில் இப்படி யாராவது பேசுவார்களா என்று மனசில் ஒரு முள் தைக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. "கல்யாணத்துக்கு வரமுடியல, சங்கடமா இருக்கு" என்று வாட்ஸப்பில் நாம் நாகரிகத்துக்காகப் போடுவோம். அங்கிருந்து உடனே போன் வரும், என்ன ஆச்சு என்று.

விஷமமும் அப்படி. "அவனு நல்ல விஷமமுண்டு" என்றால் பையன் மனசு நொந்திருக்கிறான். சேட்டைக்காரன் என்று நினைத்துச் சிரித்துவிடாதீர்கள். "கஷ்டம்!" என்று தனியாகச் சொன்னால் "ஐயோ பாவம்". குரலைப் பொறுத்து "சே, இவ்வளவுதானா" என்ற இளக்காரமும் அதில் வரும். பாவத்தைப் பொறுத்தவரை மலையாளம் நம்மைவிடத் தெளிவு. இரக்கப்பட வேண்டியவருக்குப் பாவம், செய்த தீவினைக்குப் பாபம் என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டு, யார் பாவம் யார் பாவி என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.

"கழிச்சோ?" என்று கேட்டால் சிரிப்பு வருகிறதே?

வரும். "கழிக்குக" என்றால் அவர்களுக்குச் சாப்பிடுவது, மரியாதையான சொல், விருந்தாளியிடம் கேட்பது. நமக்குக் கழிப்பது பொழுதையும் மலத்தையும். சிரிப்பை அடக்கிக்கொண்டு "கழிச்சாச்சு" என்று சொல்லப் பழகுங்கள், ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது "தின்னுதல்". சென்னையிலோ கோவையிலோ ஒருவரைப் பார்த்து "தின்னியா?" என்றால் அடி விழலாம். மாடு தின்னும், மனிதன் சாப்பிடுவான். குமரி மாவட்டத்துக் கிராமத்து வீட்டில் "சோறு தின்னாச்சா மக்கா?" என்பதைவிடப் பாசமான விசாரிப்பு கிடையாது. மலையாளத்தில் இது நடுவே நிற்கிறது: பழம், பலகாரம் தின்னலாம், பிள்ளைகளைத் தின்னச் சொல்லலாம், விருந்தாளியைச் சொன்னால் நன்றாக இருக்காது. மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே மருமகளாக வந்த பெண்கள் முதல் மாதம் இந்தச் சொல்லுக்காகவே முகம் சுருங்கியிருப்பதைப் பார்க்கலாம். மாமியார் அன்போடு கேட்டதுதான் அது.

சோறு, சாதம் இரண்டில் எது மரியாதை?

இடத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டு நகரங்களில் சாதம் என்றால் நாகரிகம், சோறு என்றால் கொஞ்சம் முரட்டுத்தனம் என்று ஒரு எண்ணம் எப்படியோ ஏறிவிட்டது. இப்போது அதற்கும் மேலே ரைஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேரளத்தில் சோறுக்கு எந்தக் குறையும் இல்லை. பெரிய ஹோட்டலிலும் சோறுதான், முழுச் சாப்பாடு என்றால் ஊணு. நமக்கு ஊண் செய்யுளோடு நின்றுபோயிற்று. என்னைக் கேட்டால் சோறு நல்ல சொல். சாதத்துக்கு அதைவிட உயரமான நாற்காலி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இதே பந்தியில் "கறி" என்று கேட்டால் என்ன வரும்?

யார் பரிமாறுகிறார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் பேச்சில் கறி என்றால் இறைச்சி. ஞாயிற்றுக்கிழமை "கறி எடுத்தாச்சா?" என்றால் வேறு அர்த்தமே கிடையாது. கேரளத்தில் சோற்றோடு தொட்டும் ஊற்றியும் தின்கிற எதுவும் கறி: பருப்பும் கறி, மீனும் கறி, மோரும் கறி. குமரி மாவட்டத்திலும் பல வீடுகளில் அப்படித்தான். பாலக்காட்டு அய்யர் வீட்டுத் தமிழில் அது காய்கறிப் பொரியல், அங்கே இறைச்சியின் வாடையே இல்லை. சங்கத் தமிழில் கறி மிளகைக் குறித்தது. முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பிய யவனர் கப்பல் அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் வருகிறது. அந்த மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான்.

நடைமுறைக்கு இவ்வளவு போதும்: சைவக்காரர் ஒருவரைக் கேரளத்து வீட்டுக்குக் கூட்டிப்போனால், "கறி எடுக்கட்டே?" என்றதும் அவர் இலையை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரியாதையாக "நிங்ஙள்" என்று சொல்லியும் முகம் மாறியது, ஏன்?

தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டு படி போதும். நீங்கள் என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அந்த நம்பிக்கையில் நிங்ஙளைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கேரளத்தின் வடக்கே அது செல்லும். திருவனந்தபுரம், கொல்லம் பக்கம் வயதில் மூத்தவரையோ மேலதிகாரியையோ நேரே நிங்ஙள் என்றால் ஒரு விறைப்பு, சில நேரம் சண்டைக்கு வந்தது போன்ற தொனி. "நிங்ஙள் என்னதான் சொல்ல வர்றீங்க?" என்பது மாதிரி. அங்கே பிரதிப்பெயரையே தவிர்ப்பதுதான் மரியாதை. "சார் எப்போ வந்நு?", "சேச்சி எவிடெ போகுன்னு?", "சேட்டன் கழிச்சோ?" என்று உறவையோ பதவியையோ சொல்லிவிட்டு வாக்கியத்தை முடிப்பார்கள். சந்தேகம் வந்தால் ஆணுக்குச் சேட்டன், பெண்ணுக்குச் சேச்சி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் சார், மேடம். தாங்கள் எழுத்துக்கும் மேடைக்கும். "தான்" என்பது சமவயதுக்காரருக்கு. நமக்கு அது "தன்" என்ற தான், அதனால் "தான் எவிடெயா?" (நீ எங்கே இருக்கிறாய்?) என்றால் யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்ப்போம்.

வினைமுற்றையும் கவனியுங்கள். நம் மரியாதை பாதி அங்கேதான் இருக்கிறது: வந்தான், வந்தார், வந்தாங்க, எங்கள் பக்கத்தில் "அவிய வந்தாவ". மலையாள வினைக்கு அந்த விகுதி கிடையாது. அச்சனும் (அப்பாவும்) வந்நு, கலெக்டரும் வந்நு, நாயும் வந்நு. கேரளத்தில் படித்த பிள்ளைகள் தமிழ் பேசும்போது "தாத்தா வந்தான்" என்று சொல்லிவிடுவது இதனால்தான். திமிர் என்று நினைத்துத் திட்டவேண்டாம்.

"புள்ளி" என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். "அந்த ஆள்" என்ற அர்த்தத்தில் நண்பர்களுக்குள்ளே சொல்வது. நம்முடைய "பெரிய புள்ளி"யின் பெருமை அதில் கிடையாது.

நிலம் வாங்கும்போது எந்தச் சொற்கள் ஏமாற்றும்?

ஏமாற்றுவது சொல் அல்ல, ஆனாலும் காசு போவது இங்கேதான், அதனால் நிதானமாக வாசியுங்கள். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. பழைய காகிதங்களில் மலையாளம் இருப்பதும், எங்கள் பேச்சில் அந்தச் சொற்கள் இன்னும் புழங்குவதும் அதனால்தான்.

கிரயப் பத்திரத்துக்கு அங்கே தீறாதாரம், பொதுவாக ஆதாரம். நமக்கு ஆதாரம் என்றால் சாட்சி, சான்று. "ஆதாரம் கையில உண்டோ?" என்று கேட்டால் வரி ரசீதை நீட்டக்கூடாது, ஆதார் அட்டையையும் நீட்டக்கூடாது. பத்திரத்தைக் கேட்கிறார்கள். எங்கள் ஊர்க் கிழவர்கள் அதையே பிரமாணம் என்பார்கள்: "பிரமாணத்த பெட்டியில வச்சுப் பூட்டு". மதுரைக்காரருக்குப் பிரமாணம் என்றால் மந்திரி எடுப்பது.

போக்குவரவு என்றால் பட்டா மாறுதல். போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகத் தேவையில்லை, வில்லேஜ் ஆபீஸ் போதும். பட்டயம் என்பது அரசு கொடுக்கிற நில உரிமைச் சீட்டு, பாலிடெக்னிக் படிப்பு அல்ல. கரம் ஒடுக்கிய ரசீது என்றால் வரி கட்டிய ரசீது. தண்டப்பேர் என்பது வரிப் பதிவேட்டில் உடையவருக்கு உள்ள கணக்கு, அதில் அபராதம் எதுவும் இல்லை. இஷ்டதானம் தானப் பத்திரம். ஒஸ்யத்து உயில். இவை எல்லாம் ஒருமுறை கேட்டால் புரிந்துவிடும்.

புரியாமலே போகக்கூடியது "அவகாசம்". நமக்கு அவகாசம் என்றால் நேரம், தவணை: "கொஞ்சம் அவகாசம் கொடுங்க". மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை, அவகாசி என்றால் வாரிசு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "ஈ வஸ்துவில் சகோதரிக்கு அவகாசமில்லா". இந்தச் சொத்தில் சகோதரிக்கு உரிமை இல்லை என்பது பொருள். பத்திரம் முடிகிற அவசரத்தில் நிற்கிற தமிழ்க் காதுக்கோ, சகோதரிக்கு இப்போது நேரமில்லை, கையெழுத்துக்குப் பிறகு வருவாள் என்று கேட்கும். இரண்டுமே அந்த இடத்தில் நடக்கக்கூடியவை. வஸ்து என்றால் அங்கே நிலம், மனை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மொழிபெயர்க்கும் காகிதத்தில் அவகாசம் வந்தால் அந்த இடத்தில் "உரிமை" என்று எழுதி, பக்கத்தில் மூலச்சொல்லையும் எழுதிவைப்பேன். கக்ஷிக்காரர் அலுத்துக்கொண்டாலும் சரி.

ராஜியும் இந்த வகை. நமக்கு இரண்டு தரப்பும் சமாதானமாகப் போவது ராஜி, வேலையை விடுவது ராஜினாமா. அங்கே ராஜி வைத்தார் என்றால் பதவியை விட்டார். சங்கத்துத் தலைவர் "ராஜி வச்சு" என்ற செய்தியைக் கேட்டு, சண்டை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேரளத்து அலுவலகத்தில் தமிழில் மனு கொடுக்கலாமா?

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இடம் தருகிறது. அவர்கள் மிகுந்துள்ள பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் பெறலாம். சட்டம் அது. காரியம் சீக்கிரம் ஆகவேண்டும் என்றால், தமிழ் மனுவிலேயே ஆதாரம், போக்குவரவு, அவகாசம் போன்ற சொற்களை அவர்கள் சொல்லிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

"அண்ணாச்சி" என்பது திட்டா?

நாகர்கோவிலில், திருநெல்வேலியில் அண்ணாச்சி மரியாதையின் உச்சம். பலசரக்குக் கடைக்காரர் முதல் அரசியல்வாதி வரை. கேரளத்தில் பல இடங்களில் தமிழரைப் பொதுவாகக் குறிக்க, அதுவும் கூலிவேலைக்காரர் என்ற நினைப்போடு சொல்லப்படுகிறது. சொல்பவருக்குச் சில நேரம் அதில் கெட்ட எண்ணமே இருக்காது. "பாண்டி"க்கு அந்தச் சலுகை தரமுடியாது, அது பெரும்பாலும் இளக்காரம்தான். நம் பக்கத்திலும் "மலையாளத்தான்" என்று ஒருமையில் சொல்வதில் இனிப்பு ஒன்றும் கிடையாது.

குமரித் தமிழில் இருக்கும் சாடு, விளி, இரி, பறை எல்லாம் மலையாளக் கலப்புதானே?

மாற்றலாகி வருகிற வாத்தியார்கள் இப்படிச் சொல்லித்தான் பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்கள். விளித்தல் அழைத்தல்தான். தமிழ் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமையே விளி. பறைதல் சொல்லுதல், பழந்தமிழில் உண்டு. குமரிக்கு வெளியே தமிழில் அந்தப் பொருள் மங்கி, முரசு மட்டும் மிஞ்சியது. தூங்குதல் முதலில் தொங்குதல். தூக்கணாங்குருவியின் கூட்டைப் பார்த்தால் தெரியும். மலையாளம் அந்தப் பழைய பொருளை வைத்துக்கொண்டது, நாம் உறக்கத்துக்குக் கொடுத்துவிட்டோம். "தூங்கிமரிச்சு" என்று அங்கத்துப் பத்திரிகையில் வந்தால் தூக்கில் தொங்கினார் என்று பொருள். உறக்கத்திலே நிம்மதியாகப் போனார் என்று யாரிடமும் ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.

சாடு (குதி), இரி (உட்கார்) இவற்றில் மலையாளத்தின் சாயல் உண்டு, மறுக்கவில்லை. பக்கத்து வீட்டோடு நூற்றாண்டுக் கணக்கில் பேசினால் அப்படித்தான் இருக்கும்.

சூடு மாறிய சொல் ஒன்று சொல்கிறேன்: தள்ளை. இங்கே பழைய ஆட்களுக்கு அது வெறுமனே தாய். "தள்ளையும் பிள்ளையும் சுகமா?" என்று பேறுகால வீட்டில் விசாரிப்பார்கள். மலையாளத்தில் தள்ள என்பது இன்றைக்கு அம்மாவையோ கிழவியையோ அவமதிக்கிற சொல். அந்தச் சூடு எல்லை தாண்டி இங்கேயும் ஏறிவிட்டது. பேரப்பிள்ளைகள் "பாட்டி, அப்படிச் சொல்லாத" என்கிறார்கள்.

"எந்துண்டு விசேஷம்?" என்று புதுப்பெண்ணிடம் கேட்டார்கள். வெட்கப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். "என்ன சமாசாரம்?" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, எல்லாரிடமும் கேட்பது. "விசேஷம் ஒந்நும் ஆயில்லே?" என்று கேட்டால் மட்டும் அது நம்முடைய அதே விசேஷம்தான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்து அத்தைமார்களுக்கும் வித்தியாசம் கிடையாது.

பஸ்ஸில் "கிளி" என்று யாரைக் கூப்பிடுகிறார்கள்?

தனியார் பஸ்ஸில் வாசலில் நின்று மணி அடிக்கிற, ஆள் ஏற்றி இறக்குகிற பையனை. பறவை என்றால் அவர்களுக்கு எல்லாமே கிளி, பச்சைக்கிளிக்குத் தத்த. இறங்க வேண்டிய இடம் வந்தால் அவரிடம் "ஆளிறங்ஙான் உண்டு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். "இருங்க, இருங்க" என்று கத்தினால் உட்காரச் சொல்கிறீர்கள் என்று நினைத்து டபுள் மணி அடித்துவிடுவார்.